நின்று கெட்ட கார்

மாமா கனடாவுக்குப் போன 2012இல் என்னிடம் ஒரு சாவியையும் ஒரு எண்ணையும் தந்துவிட்டுப் போனார். சாவி, அவர் கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கிய 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்ரருடையது. எண் 38,640. "மீற்றர் 38,640இலை நிக்குது. வடிவாப் பாத்துக்கொள். தேவையில்லாமல் எடுத்து ஓடாதை" என்றார். அந்த எண்ணை அவர் சொன்ன விதம், பிள்ளை எடுத்த புள்ளியைச் சொல்வது போல இருந்தது.

இந்தக் காரைத் தெரியாதவர்களுக்கு: மஸ்டா நிறுவனம் 1989இல் சிக்காகோ கார்க் கண்காட்சியில் காட்டிய எம்.எக்ஸ்.5தான் இது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்ரர் என்ற பெயரில் விற்றார்கள். இரண்டே இருக்கை, மடித்து வைக்கக்கூடிய துணிக்கூரை, 1.6 லீற்றர் எஞ்சின், பின்சில்லு உந்தல், ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. முன்விளக்குகள் பகலில் பொனற்றுக்குள் படுத்திருந்து இரவில் எழும்பும். வேகத்தில் இதை வெல்லும் கார்கள் எத்தனையோ உண்டு. ஆனால் வளைவில் திரும்பும்போது வீதி எப்படி இருக்கிறது என்று கைக்குச் சொல்லித் தரும் கார்கள் குறைவு. அதனால்தான் மாமாவால் இதை விற்க முடியவில்லை.

நான் அவர் சொன்னபடியே செய்தேன். கொக்குவிலில் எங்கள் வளவுக்குள் தகரக் கொட்டில் போட்டு, காரை விட்டு, மேலே படங்கு மூடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படங்கை விலக்கி, ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைத்து, நிற்பாட்டி, திரும்ப மூடுவேன். ஏழு வருடம். மீற்றர் ஒரு இலக்கம்கூட நகரவில்லை. நான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் முழுமனதாக நம்பினேன்.

2019இல் ஒரு ஞாயிறு அது ஸ்ராட் ஆகவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கோண்டாவிலில் உள்ள ஒரு சின்னக் கராச்சுக்குப் போனேன். அங்கே உள்ள அண்ணைக்கு அப்போதே அறுபது வயதைத் தாண்டியிருக்கும். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து ரயரைப் பார்த்தார். பெற்றோல் ராங்கின் மூடியைத் திறந்து மணந்தார். பிறகு சொன்னார்: "ஓடித் தேஞ்ச காரை நான் திருத்திப்போடுவன் தம்பி. நிண்டு கெட்ட கார்தான் கரைச்சல்."

அன்று அவர் காட்டியவையும், பிறகு நானே தேடிப் படித்தும் கை வைத்துப் பார்த்தும் அறிந்தவையும்தான் இங்கே எழுதுவது. யாழ்ப்பாணத்தில் இப்படிக் குறைவாக ஓடிய பழைய கார் வைத்திருப்பவர்கள் நான் நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி நிறுத்திவிட்டுப் போனவை, தாத்தா ஓட்டிய மொறிஸ் மைனர், கலியாணத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒஸ்ரின். ஸ்போர்ட்ஸ் கார் என்றில்லை, நிற்கிற எல்லாக் காருக்கும் நோய் ஒன்றுதான்.

முதலில் அந்த ஐந்து நிமிடக் கதை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். நம்ப முடியாவிட்டாலும் இரசாயனக் கணக்கு அப்படித்தான். ஓடுகிற காரில் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் இயங்கும் எஞ்சினில் சைலன்சர் சூடாகவே ஆகாது. உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு பங்கு எஞ்சின் ஒயிலுக்குள்ளும் இறங்கும், எரியாத பெற்றோலும் கூடவே இறங்கும். ஒயில் சூடாகி அதையெல்லாம் ஆவியாக்கி வெளியே தள்ளுவதற்குள் நான் சாவியைத் திருப்பிவிடுவேன். இதை ஏழு வருடம், கிழமைக்கு ஒருமுறை, பக்தியோடு செய்திருக்கிறேன். அண்ணை சைலன்சரை ஸ்குறூட்றைவரால் குத்தியபோது அது பிஸ்கற் மாதிரி உள்ளே போனது.

ஸ்ராட் பண்ணுவதென்றால் வீதிக்கு எடுக்க வேண்டும். எடுக்க முடியாதென்றால் ஸ்ராட் பண்ணாமல் விடுவதே மேல். நான் இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை சாவகச்சேரி போய் வருகிறேன். போய்வர நாற்பது கிலோமீற்றர் அளவு வரும். நாவற்குழி தாண்டினால் ஏ9 வீதி நேராகக் கிடக்கும், எஞ்சின் நன்றாகச் சூடேறும், கியர்ப்பெட்டி ஒயிலும், பின்சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப் பெட்டியின் ஒயிலும்கூடச் சூடாகும். முதல் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை உறுக்காமல் மெதுவாகப் போகவேண்டும். நீண்ட நாள் நின்ற பிறகு இந்த எஞ்சினின் தலையில் இருந்து தையல் மெஷின் போல ஒரு சத்தம் வரும். வால்வை அழுத்தும் ஹைட்றோலிக் லிப்ரருக்குள் ஒயில் வடிந்துபோய் வருகிற சத்தம் அது. பயப்படத் தேவையில்லை. நல்ல ஒயில் மாற்றி இரண்டு மூன்று முறை ஒழுங்காக ஓடியபின் என்னுடையதில் அது அடங்கிவிட்டது.

இனித் தண்ணீர். இதை யாழ்ப்பாணத்தவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் சில மாதம் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகக் கல் பிடிப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். அதே தண்ணீரைத்தான் வாளியில் அள்ளி றேடியேற்றருக்குள் ஊற்றுகிறோம். எஞ்சினுக்குள்ளும் கேத்திலுக்குள் நடப்பதுதான் நடக்கும். கடலுக்குக் கிட்டவுள்ள கிணறென்றால் உவரும் சேரும். இந்தக் காரின் எஞ்சின் கட்டை இரும்பு, தலை அலுமினியம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியத்தை அரிக்கும். என்னுடையதில் தண்ணீரை இறக்கியபோது செங்கல் கரைத்த நிறத்தில் வந்தது. யார் எப்போது ஊற்றினார்களோ, கூலன்ற் என்று அதில் ஒன்றுமே இல்லை.

கூலன்ற்றை உறைபனிக்கான மருந்து என்று நினைத்து "எங்களுக்கு ஏன் அது" என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கு வேண்டியது அதில் உள்ள துரு தடுக்கும் மருந்து. அந்த மருந்து கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தோடு தீர்ந்துபோகும். பழைய வகைப் பச்சைக் கூலன்ற்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் மாற்றுகிறேன். கலக்குவதற்கு வடித்த தண்ணீர், அல்லது கலந்தே வரும் கூலன்ற். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. றேடியேற்றரின் மேல் தொட்டி பிளாஸ்ரிக். புதிதில் கறுப்பு, வயது போகப் போகப் பழுப்பாகும். அந்தப் பழுப்பைக் கண்டால் வெடிக்கும்வரை காத்திருக்காமல் மாற்றவேண்டும். குழாய்களைக் குளிர்ந்த எஞ்சினில் விரலால் அமத்திப் பார்க்கலாம். கல் போல இறுகியிருந்தாலும் கூடாது, பஞ்சு போல நசிந்தாலும் கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தேமோஸ்ரற்றை, சூடான நாடு என்று கழற்றி எறிந்துவிட்டு ஓடும் பழக்கம். என்னுடைய காரிலும் யாரோ கழற்றியிருந்தார்கள். இந்த எஞ்சினின் தேமோஸ்ரற் 88 பாகை அளவில் திறக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துக் கணினி கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கும், அந்தப் பெற்றோல் ஒயிலில் இறங்கும். குறுகிய தூரம் ஓடும் காருக்கு இதைவிடக் கெடுதி செய்ய முடியாது. எஞ்சின் கொதித்தால் கொதிக்கும் காரணத்தைத் தேடவேண்டும்.

அண்ணை எனக்கு ரயரில் படிக்கச் சொல்லித் தந்தார். பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். என்னுடையதில் 2304. 2004ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்த ரயர். பூவெல்லாம் புதிது போல ஆழமாக இருந்தது, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் ரயரைக் கொஞ்சம் வளைத்துக் காட்டினார். பூவின் இடுக்குகளில் தலைமயிர் போல வெடிப்புகள். மழையில் அது வீதியைப் பிடிக்காது. ஆறு வருடம் ஆனால் வருடா வருடம் பார்க்கவேண்டும், பத்து வருடம் ஆனால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றவேண்டும். 185/60 பதினாலு அங்குல ரயர்தான், தேடினால் கிடைக்கும்.

கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் காம் தண்டுகளையும் இணைக்கும் ரைமிங் பெல்ற்றும் அப்படித்தான். அமெரிக்கப் பராமரிப்பு அட்டவணையில் 60,000 மைலுக்கு, அதாவது கிட்டத்தட்ட 96,500 கிலோமீற்றருக்கு, ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. 38,640 கிலோமீற்றர் அதன் பாதிகூட இல்லை. ஆனால் பெல்ற் றப்பர். அதற்கு 28 வயது. நல்ல செய்தி, இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் பிஸ்ரன் போய் வால்வில் அடிக்காது. எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனாலும் இரவில் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் நிற்க நான் விரும்பவில்லை. பெல்ற்றோடு தண்ணீர்ப் பம்ப், இறுக்கும் கப்பிகள், கிராங்க், காம் முன் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் மாற்றினோம். திறக்கும் கூலி ஒன்றுதானே.

பெல்ற் மாற்றப் போகிற மற்றவர்களுக்கு ஒரு சொல். 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன் மூக்குக் குட்டை. முன் கப்பியின் நடுவில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளம். குட்டை மூக்கில் அந்த நடு போல்ற்றைச் சரியான அளவுக்கு இறுக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் ஆப்பு ஆடி ஆடித் தண்டையே தின்றுவிடும். பிறகு கிராங்க் தண்டையே மாற்றவேண்டிவரும். என்னுடையதில் நாலு வெட்டு. அண்ணை டோர்க் ஸ்பானரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, கையேட்டில் உள்ள அளவை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்படி இறுக்கினார். ஐம்பது வருட அனுபவம் உள்ள ஒருவர் அப்படிக் கேட்டு இறுக்கியதை நான் மறக்கமாட்டேன்.

எஞ்சின் சரியானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட கிளச் மிதி நிலத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் லொறி. கியரை உருவ முடியாமல், எஞ்சினை நிற்பாட்டி, இறங்கித் தள்ளிக் கரைக்கு எடுத்தேன். கிளச்சின் கீழ்ச் சிலிண்டருக்குள் இருந்த சின்ன றப்பர் சீல் இறுகி வெடித்திருந்தது. அதற்குள் இருந்த எண்ணெய் கறுப்புக் கோப்பி. கிளச்சும் பிறேக்கும் ஒரே வகை எண்ணெயில்தான் வேலை செய்கின்றன. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. புதிய டொற் 4 எண்ணெய் 230 பாகைக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். இதெல்லாம் மீற்றர் ஓடாமலே நடக்கும். அதோடு அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்கவைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் வெளியேற்றிப் புதிது விட்டால் போதும். அதை முதல் நாளே செய்யாமல் விட்டது என் பிழை.

அன்றைக்குத்தான் அண்ணை ஒரு சீ.ஆர் கொப்பியை என் கையில் தந்தார். "இடப்பக்கம் திகதி எழுது. கிலோமீற்றர் பிறகு எழுதலாம்" என்றார்.

அவருடைய தொழில் வரலாற்றைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது இங்கே பெற்றோல் மருந்து போல ஆகிவிட்டது. ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. பிளக்கில் கரி படியும், எரியாதது ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். புதிய உதிரிப்பாகமும் கிடையாது. அப்போது அண்ணை ஓடும் காரை மட்டுமல்ல, வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற கார்களையும் பராமரித்திருக்கிறார். ஒயிலை விரலில் எடுத்து உரசிப் பார்ப்பது, மணந்து பார்ப்பது, சத்தம் கேட்பது, திகதி எழுதுவது எல்லாம் அந்தக் காலத்தில் பழகியவை. பழுதானபின் திருத்தப் பொருள் இல்லாத ஊரில், பழுதாக முன் பார்ப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஓடி முடித்து வந்து நிறுத்தியதும் நாலு சில்லின் நடுவையும் கிட்டக் கை கொண்டுபோய் சூடு பார்க்கச் சொல்லித் தந்ததும் அவர்தான். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

மழைக்காலம் வருமுன், ஐப்பசி தொடங்க முதல், துணிக்கூரைக் காரில் ஒரு வேலை இருக்கிறது. கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகளால் இறங்கி, பின்சில்லுக்கு முன்னால் கீழே போகவேண்டும். எங்கள் வளவுகளில் வேம்பும் முருங்கையும். முருங்கை இலை அந்தத் துளைக்கென்றே அளந்து வெட்டியது போல. அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்குள் நின்று உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்க, ஒருநாள் ஜக் வைத்ததும் சட்டம் நொறுங்கும். கம்பி விட்டுக் குத்தினால் உள்ளே உள்ள றப்பர் குழாய் கிழிந்துவிடும். நான் தடித்த தங்கூசியை மெல்லச் சுழற்றிச் சுழற்றி விடுகிறேன், பிறகு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்க்கிறேன். காரைநகர்ப் பக்கம் கசூரினாக் கடற்கரைக்கோ பண்ணைப் பாலத்தாலோ போய் வந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவேன்.

பற்றரி இந்தக் காரில் டிக்கிக்குள் இருக்கிறது. ஆகவே அதன் ஆவி வெளியே போகக் குழாய் உள்ள மூடிய வகைப் பற்றரி தேவை. கைக்குக் கிடைத்த சாதாரணப் பற்றரியை யாரோ வைத்ததில் டிக்கியின் தரை உள்ளங்கை அளவுக்கு அமிலத்தில் அரித்திருந்தது. வெட்டி ஒட்டினோம். எயர்பில்ரர் பெட்டியைத் திறந்தபோது அணில் கூடு, தும்பும் பஞ்சுமாக. முன்விளக்குகளை மாதம் ஒருமுறை ஏற்றி இறக்குகிறேன், மோட்டார் இறுகாமல் இருக்க. கியர்ப்பெட்டிக்கு ஜிஎல்-4 ஒயில் என்று கேட்டு வாங்குங்கள், டிஃபுக்குப் போடும் ஜிஎல்-5ஐ அதற்குள் விட்டால் உள்ளே உள்ள பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும்.

2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் அட்டையும் வந்தபோது கார் திரும்பவும் மாதக்கணக்கில் நின்றது. கிழமைக்கு 20 லீற்றர் பங்கீடு வந்த பிறகும் அதை இதற்குச் செலவழிக்க மனம் வரவில்லை. ஆனால் இந்தமுறை எப்படி நிறுத்துவதென்று தெரிந்திருந்தது. நிறுத்துமுன் ஒயில் மாற்றினேன், அழுக்கு ஒயிலின் அமிலத்தோடு எஞ்சினை உறங்க விடக்கூடாது. பற்றரி வயரைக் கழற்றினேன். கைப்பிறேக்கை இழுக்காமல் சில்லுக்குக் கட்டை வைத்தேன், இழுத்துவிட்டால் பிறேக் கட்டைகள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ரயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைச் சுற்று உருட்டி வைத்தேன். படங்கை எறிந்துவிட்டுக் காற்றுப் போகும் பருத்தித் துணி போட்டேன். வரிசைகள் குறைந்தபின் எடுத்தபோது ஒரே தரத்தில் ஸ்ராட் ஆனது.

செலவைக் கேட்பவர்களுக்கு: 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய காரும் பழைய சாமானும் விலை ஏறிக் கிடந்தன. கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடி, கிடைக்காததை ஜப்பானிலிருந்து எடுப்பித்தேன். ஆனால் நான் வாங்கியவற்றில் பெரும்பகுதி றப்பரும் எண்ணெயும்தான். சீல், குழாய், பெல்ற், திரவங்கள். இவற்றைக் காலத்துக்கு மாற்றியிருந்தால் சைலன்சருக்கும் றேடியேற்றருக்கும் டிக்கித் தகரத்துக்கும் காசு போயிருக்காது.

போன வருடம் தைப்பொங்கலுக்கு மாமா வந்திருந்தார். வந்த அன்றே கொட்டிலுக்குப் போனார். நான் பின்னால் போனேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பி லைற்றைப் போட்டார், முன்விளக்குகள் எழும்பின. மீற்றரைப் பார்த்தார். 51,212. கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கையால் ஸ்ரியறிங்கைத் தடவினார். பிறகு "கூரையை மடி" என்றார். "ஆனையிறவு மட்டும் போட்டு வருவம்."

அவரே ஓட்டினார். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. கொடிகாமம் தாண்டியபின் கொஞ்சம் வேகம் எடுத்தார், கியர் மாற்றும்போது சிரித்தார். உப்பளப் பக்கம் நிறுத்தி அரைமணித்தியாலம் நின்றோம், திரும்பி வந்தோம். வளவுக்குள் நிறுத்தியதும் நான் வழக்கம்போல நாலு சில்லிலும் சூடு பார்த்தேன். பின்பக்கம் இடதுசில்லு மற்ற மூன்றையும்விடக் கூடுதலாகச் சுட்டது. மாமாவும் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். இந்தக் காரில் பின் பிறேக்கின் வழுக்கும் ஊசிகள் இறுகுவது வழக்கம். கொப்பியைத் திறந்து திகதி எழுதினேன். அடுத்த நாள் காலை இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கழற்றினோம்.